நெல்லுக்கு வேலி கட்டிய ஊர்: வணிகர் பார்வையில் திருநெல்வேலி

நம் உறுப்பினர்களில் பலர் கொள்முதலுக்காக வருடத்தில் ஓரிரு முறையாவது தெற்கே போய் வருகிறவர்கள். அரிசிக்கும், கருப்பட்டிக்கும், அப்பளத்துக்கும், எலுமிச்சைக்கும் நாம் நம்பியிருக்கும் ஊர் திருநெல்வேலி. ஆனால் ரயிலடியில் இறங்கி, மண்டிக்குப் போய், விலை பேசி, லாரி ஏற்பாடு செய்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறோம். அந்த ஊர் எப்படி அமைந்திருக்கிறது, அதன் வியாபாரம் எதை நம்பி நடக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. பார்த்தால் நம் கடைக்கும் உதவும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். இறைவனுக்கு அமுது படைப்பதற்காக வேதசர்மா என்னும் அடியார் நெல்லைக் காயப்போட்டிருந்தார். அவர் ஆற்றில் குளிக்கப் போன நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. பதறி ஓடிவந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம் ஓட, நெல் கிடந்த இடம் மட்டும் வேலி போட்டது போல் நனையாமல் இருந்தது. நெல்லுக்கு வேலியிட்டதால் சுவாமிக்கு நெல்லையப்பர் என்றும், ஊருக்குத் திருநெல்வேலி என்றும் பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. நனையாமல் பிழைத்த ஒரு சரக்கின் பெயரால் ஓர் ஊர் விளங்குகிறது. பலசரக்கு வியாபாரிகளாகிய நாம் இதை மறக்கக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மூன்று ஊர்கள் சேர்ந்த ஓர் ஊர்

புதிதாகப் போகிறவருக்குத் திருநெல்வேலி சற்றுக் குழப்பமாகத்தான் இருக்கும். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று மூன்று பெயர்களும் மாறி மாறி வரும். மேற்கே கோயிலைச் சுற்றி ரத வீதிகளோடு அமைந்திருப்பது டவுன். பழைய கடைத்தெருக்கள் இங்கேதான். மொத்தக் காய்கறி வியாபாரம் நயினார்குளம் பகுதியில் நடக்கிறது. டவுனுக்குக் கிழக்கே ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது ஜங்ஷன். அதற்கும் கிழக்கே, தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. கோட்டை இருந்த ஊர். இன்று பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். ஆற்றின் அந்தப் பக்கத்தில் மேலப்பாளையமும் இருக்கிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994-இல் மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 73 ஆயிரம். சென்னை, கோவை, மதுரைபோல் பெருநகரமும் அல்ல, சிற்றூரும் அல்ல.

இந்த ஊர்களை ஒன்றாகக் கட்டிப் போட்டது ஒரு பாலம். ஒரு காலத்தில் டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆற்றைக் கடக்கப் பரிசல்தான். வெள்ளம் வந்தால் அதுவும் நின்றுவிடும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் பதவியில் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தச் செலவில் பாலம் கட்ட முன்வந்தார். சுமார் 50 ஆயிரம் ரூபாய் அக்காலத்தில் எவ்வளவு பெரிய தொகை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஒரு கரையில் இருந்த வியாபாரத்துக்கு மறு கரையின் வாடிக்கையும் கிடைத்தது அதனால்தான்.

மலையில் பெய்வது மண்டியில் தெரியும்

ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. வழியில் மணிமுத்தாறும், கடனாநதியும், பச்சையாறும் வந்து கலக்கின்றன. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு, திருநெல்வேலியைத் தாண்டிய பிறகு சீவலப்பேரி அருகே சேருகிறது.

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆறுகளுக்கு இல்லாத ஒரு வசதி இந்த ஆற்றுக்கு உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இதன் மலைப்பகுதிக்குத் தண்ணீர் தருகின்றன. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் மாநிலத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. ஆனால் மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே வர வர மழை குறைந்துகொண்டே போகும். திருநெல்வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் புதுவெள்ளம் வருவது உள்ளூரார்க்குப் பழகிய காட்சி.

இந்தத் தண்ணீரை மலையடிவாரத்தில் தேக்கி வைப்பவை பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள். செய்தித்தாளில் தினமும் அணை நீர்மட்டம் போடுகிறார்களே, அதில் பாபநாசத்தின் முழு அளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. தேக்கிய நீரை வயலுக்குத் திருப்புபவை ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பவை அவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சுத்தமல்லியில் பிரியும் கால்வாய்தான் டவுனை ஒட்டி வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. மண்டிக்குப் பக்கத்திலேயே குளம் இருப்பது இதனால்தான்.

நமக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழையை நம்பிச் செய்வது கார் சாகுபடி. வடகிழக்கை நம்பிச் செய்வது பிசானம். காருக்கு ஜூன் முதல் தேதியில் அணை திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாத வருடத்தில் காருக்கு நீர் கிடைக்காது. ஆகவே மே கடைசியில் பாபநாசம் எத்தனை அடி என்று பார்த்தாலே, அந்த வருடம் அக்டோபரில் புது நெல் எவ்வளவு வரும் என்று ஒருவாறு கணக்குப் போட்டுவிடலாம். அரிசி வியாபாரத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது. காரின் அறுவடை மழைக்காலத்தின் வாசலில் நடப்பதால் ஈரப்பதம் பார்த்து வாங்க வேண்டும். பிசான அறுவடை வெயில் ஏறும் நேரத்தில் முடிவதால், இருப்பு வைக்க அதுவே ஏற்றது.

என்னென்ன சரக்கு?

முதலில் அரிசி. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. அங்கிருந்து 1986-இல் வெளியான அம்பை-16 என்னும் குண்டு ரகத்தை இன்று அறியாத கடைக்காரர் இல்லை. இட்லி அரிசி என்று நாம் நிறுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு இந்த ரகமே. வாடிக்கையாளர் 'இட்லி பூப்போல வருமா' என்று கேட்டால், ரகத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அப்பளம். அம்பாசமுத்திரத்துக்கு அக்கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி உளுந்து அப்பளத்துக்குப் பெயர் பெற்றது. உளுந்தும், ஆற்றுத் தண்ணீரும், வீட்டுப் பெண்களின் கைப்பழக்கமும் சேர்ந்த தொழில் அது. பத்தமடையில் ஆற்றோரக் கோரையில் நெய்யும் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டு வந்திருக்கிறது.

கிழக்கே கடலோரத் தேரிமண்ணில் உடன்குடி. அந்த ஊர்க் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றதே. இதில் சீனி கலப்பது பெருந்தொல்லை. பதநீர் இறக்கும் பருவம் முடிந்த பிறகும் வற்றாமல் 'புதுக் கருப்பட்டி' வருகிறது என்றால், அதுவும் விலை சரசமாக இருந்தால், நாம் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும். உடன்குடி என்று சொல்லி விற்கும் நம் நாணயமும் அதில் அடங்கியிருக்கிறது. மேற்கே புளியங்குடி எலுமிச்சையும், பாவூர்சத்திரம் காய்கறியும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடன்குடியும் கோவில்பட்டியும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். புளியங்குடியும் பாவூர்சத்திரமும் 2019 முதல் தென்காசி மாவட்டம். பேச்சு வழக்கில் எல்லாம் 'திருநெல்வேலிச் சரக்கு' ஆனாலும், பில்லிலும் சீட்டிலும் மாவட்டத்தைச் சரியாக எழுதுவது நலம்.

நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. நிலாவாரை என்று நாம் விற்கும் இலைக்கு உலக மருந்துச் சந்தையில் திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயரே அடைமொழி. 'டின்னவேலி சென்னா' என்றால் அயல்நாட்டு மருந்து வியாபாரிக்கும் புரியும். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அது கப்பலேறுகிறது.

கோதுமை விளையாத ஊரில் அல்வா

திருநெல்வேலி என்றதும் அல்வா நினைவுக்கு வராதவர் இல்லை. கீழ ரத வீதியில் மாலை நேரத்தில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். இந்த அல்வாவுக்கு வேண்டியது கோதுமைப் பால், சர்க்கரை, நெய். நெல் விளையும் ஆற்றங்கரையில் கோதுமை ஏது? வெளியூரிலிருந்து வரும் கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, பக்குவமாகக் கிண்டி, ஊர்ப் பெயரைச் சேர்த்து விற்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீரின் ருசிதான் காரணம் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். தண்ணீரோடு கைப்பக்குவமும், ஒரே தரத்தை விடாமல் காத்ததும் சேர்ந்தே அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன என்பது நம் கருத்து. சரக்கு நம் ஊரில் விளைய வேண்டும் என்பதில்லை. தரம் நம் கடையில் நிலைக்க வேண்டும்.

சென்னையில் பலசரக்குக் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்தச் சீமையிலிருந்து போனதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் கிராமங்களிலிருந்து போய், கடையில் எடுபிடியாக நின்று, பொட்டலம் மடிக்கக் கற்று, பின்பு சொந்தக் கடை போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். நம் இதழைப் படிப்பவர்களிலும் அப்படி வந்தவர்கள் உண்டு.

போக்குவரத்து

வடக்கே மதுரைக்கும் தெற்கே கன்னியாகுமரிக்கும் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிச் செல்கிறது. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 50 கிலோமீட்டர். மேற்கே தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904-இலேயே மலையைக் குடைந்து ரயில் போட்டார்கள். மீட்டர் கேஜாக இருந்த அந்த மலைப்பாதை அகலப்பாதையாகி 2018-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மலைக்கும் கடலுக்கும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் இருப்பதுதான் இவ்வூரின் முதல் பலம்.

ஆனால் ஆறு கொடுத்த வியாபாரத்தை ஆறே எடுத்துக்கொண்டதும் உண்டு. பாண்டியர் காலத்தில் முத்து வணிகத்துக்குப் பேர்போன துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடலைவிட்டு விலகி, இன்று சில கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமமாக இருக்கிறது.

2023 டிசம்பரில் நடந்தது

இனி நாம் முன்பு சொன்ன விஷயத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையைப் போல் இந்தத் தலைமுறை பார்த்ததில்லை. கடற்கரையில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வழக்கமாக மலையில் பெய்து ஆற்று வழியே வரும் தண்ணீர், இம்முறை மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் வந்தது. அணைகளுக்கு வந்த நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. குளங்களும் கால்வாய்களும் வழிந்தன. ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது; கலெக்டர் அலுவலகமும் தப்பவில்லை. தூத்துக்குடியில் உப்பளங்கள் மூழ்கின. ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்டன. 1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அதை நினைவில் வைத்திருந்தவர்கள் குறைவு.

பொங்கலுக்கு நான்கு வாரம் இருக்கும் நேரம். பலசரக்குக் கடைகளும் கிட்டங்கிகளும் சரக்கு நிரப்பத் தொடங்கும் பருவம். ஆற்றை ஒட்டிய பகுதியில் கடை வைத்திருக்கும் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ராத்திரி வாசப்படிக்குக் கீழதான் அண்ணாச்சி தண்ணி நின்னுது. இதுக்கு மேல வராதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநா ஷட்டரத் திறந்தா அரிசி மூட்டை எல்லாம் ஊறி வெடிச்சுக் கிடக்கு. அத விட, கணக்கு நோட்டு போச்சே, அதான் பெரிய அடி."

சரக்கு போனது ஒரு நஷ்டம். எவ்வளவு போனது என்று காட்டக் கணக்கு இல்லாமல் போனது இரண்டாவது நஷ்டம். இது திருநெல்வேலிக்கு மட்டும் உரிய பாடமன்று. ஆற்றங்கரையிலோ, குளத்தங்கரையிலோ, தாழ்வான தெருவிலோ கடை வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. எனவே கீழ்க்கண்டவற்றை உறுப்பினர்கள் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

1. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரையோடு மூட்டை அடுக்காதீர்கள். உயரமான மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சர்க்கரை, உப்பு, மாவு, பருப்பு மேலே. எண்ணெய் டின் போன்றவை கீழே.

2. பாலிசியை எடுத்துப் படியுங்கள். பழைய முறைப் பாலிசிகளில் பிரீமியம் குறைய வேண்டும் என்று புயல், வெள்ளப் பிரிவை நீக்கிவிட்டவர்கள் உண்டு. கட்டடம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் பாலிசி நடைமுறைக்கு வந்தது. அதில் வெள்ளச் சேதமும் அடங்கும்.

3. குறைத்து இன்ஷ்யூர் செய்யாதீர்கள். கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்க 5 லட்சத்துக்கு மட்டும் செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டமானாலும் விகிதப்படி 2 லட்சம்தான் கிடைக்கும். '5 லட்சத்துக்குள்தானே நஷ்டம், முழுவதும் வரும்' என்று எண்ணுவது தவறு. பண்டிகைக் கால இருப்பை வைத்தே தொகையைத் தீர்மானியுங்கள்.

4. அழிந்துபோன சரக்குக்கு எடுத்திருந்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். நஷ்டக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஷ்யூர் செய்யும்போதே வரியையும் சேர்த்து மதிப்புப் போட்டிருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

5. கொள்முதல் பில்கள், இருப்புப் பட்டியல், பேரேடு ஆகியவற்றின் நகல் ஒன்று கடைக்கு வெளியே, மாடியிலோ வீட்டிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை கிட்டங்கியைப் படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்ததும் எதையும் அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள்.

6. வெள்ளத்தில் நனைந்த உணவுப் பொருளைக் காயவைத்து விற்க வேண்டாம். வந்தது மழைநீர் மட்டுமல்ல. சாக்கடையும் கலந்தே வந்தது. அரை விலைக்குக் கொடுத்தால் ஏழைகளுக்கு உதவும் என்று சிலர் நினைக்கலாம். அதைச் சாப்பிட்டு நோய் கண்டால், பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரு நாளில் போய்விடும்.

வேதசர்மாவின் நெல்லைக் காக்க இறைவன் வேலி கட்டினார் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை நம் கடைப் படத்துக்கு முன் விளக்கேற்றும்போது இருக்கட்டும். கிட்டங்கிக்கு வேலி கட்டுவது நம் பொறுப்பு. அடுத்த முறை கொள்முதலுக்குத் திருநெல்வேலி போகும் உறுப்பினர்கள் அன்று மாலையே திரும்பாமல், சுலோசன முதலியார் பாலத்தின் மேல் சற்று நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர் திரும்பியதும், நம் கடைக்கு அருகே தண்ணீர் எந்த வழியாக வரும் என்று ஒரு நடை நடந்து பாருங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அதைச் செய்துவிட்டால் மிகவும் நல்லது.